அது பனி இல்லை சார்

இந்தப் போகிக்கும் அதே கதைதான். சென்னையில் எங்கள் குடியிருப்புப் பூங்கா, விடியற்காலை ஆறு மணி. மங்கி குல்லாயோடு நடந்துகொண்டிருந்த பக்கத்து பிளாக் பெரியவர் என்னைப் பார்த்ததும், "என்ன அருமையான பனி சார், கொடைக்கானல் மாதிரி!" என்றார். சட்டைப் பையில் இன்ஹேலர் எட்டிப் பார்க்கிறது.

கொடைக்கானலில் டயர் கருகிய நெடி அடிக்குமா?

காற்றுத் துகள்களை அளப்பதுதான் என் பிழைப்பு. "பனிதானே" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நீராவி தானாகத் துளியாகிவிடாது, ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். புகை அதை அள்ளி இறைக்கிறது. பிவிசி மாதிரி பிளாஸ்டிக் எரிந்தால் வரும் ஹைட்ரோகுளோரிக் அமிலம், காற்றிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து உப்பாகும். அந்த உப்பு ஈரத்தை இழுத்து ஊதிப் பருக்கும். டெல்லியின் குளிர்கால மூட்டத்தில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்று ஐஐடி மெட்ராஸ் தலைமையிலான ஆய்வு 2021-இல் காட்டியது. ஆக, நீங்கள் ரசிப்பது தண்ணீரில் ஊறிய புகை. வெயில் ஏறியதும் "பனி விலகிடுச்சு" என்கிறீர்களே, முதலில் விலகுவது தண்ணீர்தான். துகள் இன்னும் மிதக்கிறது. 2018 போகியன்று சென்னையில் இறங்க முடியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குப் போனதும் இந்தப் 'பனி'யால்தான்.

செயலியில் பச்சை காட்டுகிறது என்பீர்கள். நம் காற்றுத் தரக் குறியீடு நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியை எடுக்கிறது. விடிகாலை உச்சம் அதில் கரைந்துபோகும். மணிவாரி அளவைப் பாருங்கள். பிஎம் 2.5 எனப்படும் இந்த நுண்துகளுக்கு நம் நாட்டு ஒரு நாள் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15.

போகியன்று நடைப்பயிற்சிக்கு லீவு விடுங்கள். மணிவாரி அளவு இறங்கும்வரை ஜன்னலைச் சாத்துங்கள். மூக்கில் கட்டும் ஈரத்துண்டு நுண்துகளுக்கு உதவாது. வெளியே போயே தீரவேண்டுமென்றால் மூக்கோடு படியும் என்95 போடுங்கள். தாடைக்குக் கீழே தொங்கவிட அது மாலை இல்லை. பழைய டயரையும் பாயையும் குப்பை வண்டியில் கொடுங்கள், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

துகளைப் பிடிக்க எங்கள் கருவியில் போடும் வடிதாள், போன வருடப் போகிக்குப் போட்டதன் படத்தைப் பெரியவரிடம் காட்டினேன். உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டம். போட்டபோது வெள்ளை, ஒரு நாளில் 24 கன மீட்டர் காற்றை இழுத்து எடுக்கும்போது அடுப்புக்கரி. "நீங்க ஒரு நாள்ல இழுக்கறது இதுல பாதி சார்."

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "அப்போ, இன்னிக்கு ஒரு ரவுண்டோட நிறுத்திக்கறேன்."