சாக்லேட் தட்டில் கஃபீன் எங்கே இருக்கிறது?

ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் ஹோம்மேட் சாக்லேட் கடை எதற்குள் நுழைந்தாலும் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று நிறங்கள் வரிசையாக இருக்கும்: வெள்ளை, பழுப்பு, கிட்டத்தட்டக் கறுப்பு. போன மே மாத சீசன் கூட்டத்தில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி பேரனுக்காகக் கால் கிலோ கறுப்பு சாக்லேட் கேட்டுக்கொண்டிருந்தார். "இவனுக்கு நாங்க காபியே குடுக்கிறதில்ல தம்பி. காபில இருக்கிறது இதுலயும் இருக்காமே, நிஜமா?" கடையில் நின்ற பையன் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல பாட்டி" என்று சொல்லி எடைபோட்டான்.

அந்தப் பதில் வெள்ளைத் தட்டுக்குச் சரி. மற்ற இரண்டுக்கும் சரியில்லை.

சாக்லேட் கோகோ விதையிலிருந்து வருகிறது. காய்ந்த விதைப் பருப்பில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. அதுதான் கோகோ வெண்ணெய். மீதி, கசப்பும் மணமும் கொண்ட பழுப்பு நிறச் சக்கை. கஃபீன் இருப்பது இந்தச் சக்கையில்தான். வெண்ணெயில் இல்லை என்றே சொல்லலாம். விதையை அழுத்திப் பிழிந்து வெண்ணெயையும் தூளையும் பிரிக்கும் முறைக்கு நெதர்லாந்தின் வான் ஹவுட்டன் குடும்பம் 1828இல் காப்புரிமை பெற்றது. அப்படிப் பிரிந்த வெண்ணெயோடு சர்க்கரையும் பால் பவுடரும் சேர்ந்ததுதான் வெள்ளை சாக்லேட். சக்கை துளியும் சேராததால் அதில் கஃபீனும் கிடையாது.

ஆகவே நிறத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். 100 கிராம் பால் சாக்லேட்டில் சுமார் 20 மில்லிகிராம் கஃபீன். 70 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள கறுப்பு சாக்லேட்டில் சுமார் 80. சர்க்கரை சேர்க்காத கோகோ தூளில் சுமார் 230. தூளின் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், யாரும் அதை 100 கிராம் சாப்பிடுவதில்லை. பாலில் ஒரு மேசைக்கரண்டி கலக்கினால் வருவது 12 மில்லிகிராம்தான். அட்டையில் போட்டிருக்கும் கோகோ சதவீதத்தில் வெண்ணெயும் அடக்கம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரே 70 சதவீதத்திலும் வெண்ணெய் கூடுதலாக இருந்தால் கஃபீன் குறையும்.

இங்கே ஊட்டியில் இன்னொரு விஷயமும் உண்டு. நம் கடைகளில் பலவற்றில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் கட்டிகளைத்தான் உருக்கி, முந்திரியும் பாதாமும் போட்டு வார்க்கிறார்கள். கொழுப்பு மாறினாலும் பழுப்பு நிறம் கோகோ தூளிலிருந்துதான் வருகிறது, கூடவே கஃபீனும். கோகோ மரம் இந்த மலையில் வளராது. 2,240 மீட்டர் உயரத்துக் குளிர் அதற்கு ஆகாது. அது கீழே, பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் நிழலில் காய்க்கிறது. தமிழ்நாட்டுக்கு அது புதிதும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனி அம்போய்னா தீவிலிருந்து கொண்டுவந்து 1798இல் குற்றாலத்தில் நட்டது. ஊட்டியின் குளிர் கொடுப்பது வேறு உதவி: வார்த்த சாக்லேட் தானாகவே இறுகிவிடுகிறது.

சரி, 80 மில்லிகிராம் என்றால் அதிகமா? ஃபில்டர் காபியோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். டிகாஷனின் கெட்டியும் சிக்கரியின் பங்கும் வீட்டுக்கு வீடு மாறும், சிக்கரியில் கஃபீனே இல்லை. நம் மலைத் தேயிலை இதற்கு வசதி. பால் சேர்க்காத 100 மில்லி தேநீரில் சுமார் 20 மில்லிகிராம் இருக்கும். 25 கிராம் கறுப்பு சாக்லேட்டிலும் அதே 20. எடை போட்டால் இரண்டு மூன்று துண்டுதான் வரும். குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. 20 கிலோ எடையுள்ள பேரனுக்கு 60 மில்லிகிராம், அதாவது 75 கிராம் கறுப்பு சாக்லேட். பால் சாக்லேட் என்றால் 300 கிராம். கஃபீன் உடலில் பாதியாகக் குறையப் பெரியவர்களுக்கே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். அதனால் அந்தக் கறுப்புத் துண்டுகளைக் காலையிலோ மதியமோ கொடுப்பது நல்லது, இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் வேண்டாம்.

ஆனால் கஃபீனை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் சாக்லேட்டின் உண்மையான சரக்கைத் தவறவிடுவோம். அதே 100 கிராம் கறுப்பு சாக்லேட்டில் தியோபுரோமின் என்ற பொருள் சுமார் 800 மில்லிகிராம், கஃபீனைப் போலப் பத்து மடங்கு இருக்கிறது. இரண்டும் உடன்பிறப்புகள். செடி முதலில் தியோபுரோமினைச் செய்கிறது. அதன்மேல் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட மீத்தைல் என்ற சிறு துணுக்கை ஒட்டினால் அது கஃபீன். தேயிலையும் காபியும் பெரும்பாலும் அந்தக் கடைசிப் படி வரை போய்விடுகின்றன. கோகோ விதை பெரும்பகுதியை ஒரு படி முன்னாலேயே நிறுத்திவிடுகிறது.

அந்த ஒரு துணுக்கு என்ன செய்துவிடும் என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது நரம்பு செல்களின் ஏற்பிகளில், அதாவது அது ஒட்டிக்கொள்வதற்கான இடங்களில், போய் உட்கார உட்காரத்தான் நமக்குக் கண் சொருகுகிறது. கஃபீன் அந்த இடங்களில் முந்திப் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் தூக்கத்தை மூட்டாது. அடினோசினுக்கு இடம் கிடைக்காததால் தூக்கம் தள்ளிப்போகிறது. தியோபுரோமினுக்கு மீத்தைல் ஒன்று குறைவு. அந்த ஏற்பிகளை அதனால் இறுகப் பிடிக்க முடிவதில்லை. எனவே பத்து மடங்கு இருந்தும் அது காபி போல உலுக்கி எழுப்புவதில்லை. இதயத் துடிப்பைக் கொஞ்சம் கூட்டும், மூச்சுக்குழல் தசைகளைத் தளர்த்தும், சிறுநீரைச் சற்று அதிகமாக்கும், அவ்வளவுதான்.

மனிதர்களுக்குத்தான் இந்த அவ்வளவுதான். சேரிங் கிராஸிலும் ஏரிப் பக்கத்திலும் சுற்றுலா வந்தவர்கள் தெரு நாய்களுக்குப் பிரியத்தோடு சாக்லேட் போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. நம் உடலில் தியோபுரோமின் பாதியாவதற்கு ஏழெட்டு மணி நேரம். நாய்க்குப் பதினேழு மணி நேரத்துக்கும் மேல். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே வாந்தியும் தவிப்பும் தொடங்கலாம், 40, 50ஐத் தொட்டால் இதயத் துடிப்பு தடுமாறும், 60க்கு மேல் வலிப்பு. 10 கிலோ நாய்க்கு 50 கிராம் கறுப்பு சாக்லேட் போட்டால் 400 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 40. உங்கள் வீட்டு நாய் அப்படித் தின்றுவிட்டால் நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். எந்த நிறம், எத்தனை கிராம், எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். முதல் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போனால் வாந்தி எடுக்கவைத்தே பெரும்பகுதியை வெளியேற்றிவிட அவரால் முடியும்.