ராஜினாமா கேட்பதற்கு முன்னால்

2023 ஜூலை 17 அன்று சிங்கப்பூர் நாடாளுமன்றத்தின் சபாநாயகர் டான் சுவான் ஜின் பதவி விலகினார். ஆளும் மக்கள் செயல் கட்சியின் இன்னொரு உறுப்பினரான செங் லி ஹுய்யும் அதே நாளில் விலகினார். இருவருக்கும் இடையே முறையற்ற உறவு இருந்ததாகப் பிரதமர் லீ சியன் லூங் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார். டான் மணமானவர். இரண்டு நாள் கழித்து எதிர்வரிசையிலிருந்த பாட்டாளிக் கட்சியில் லியோன் பெரேராவும் நிக்கோல் சியாவும் இதே போன்ற காரணத்தால் வெளியேறினார்கள். ஒரே வாரத்தில் நான்கு பேர்.

நான் மதுரையில் குடும்ப நீதிமன்ற வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர். சில நிறுவனங்களில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராகவும் இருக்கிறேன். இப்படி ஒரு செய்தி வந்தால் போதும், "அங்கே பாருங்க மேடம், உடனே ராஜினாமா. நம்ம ஊர்ல ஏன் யாரும் பண்றதில்ல?" என்று வழக்குக்கு வருகிறவர்களில் தொடங்கி கோர்ட் கேன்டீன் வரை எல்லோரும் கேட்பார்கள்.

திருமணத்தை மீறிப் பழகினார் என்ற ஒன்றுக்காக மட்டும் ஒரு அரசியல்வாதி பதவி விலகத் தேவையில்லை என்பதுதான் என் பதில். கேட்டவர்களில் பாதிப் பேர் இதோடு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மீதிப் பேருக்கு இன்னொன்றும் சொல்வேன்: ராஜினாமாவை முதலில் கேட்டு வாங்கிவிட்டால், கேட்டிருக்க வேண்டிய மற்ற எந்தக் கேள்விக்கும் அப்புறம் பதில் வராது.

இந்த விஷயத்தில் துரோகத்துக்கு ஆளானவர் மனைவி, சில வீடுகளில் கணவர். ஆனால் நம் சட்டம் அந்த மனைவியைப் பொருட்படுத்தியதே இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 497-ஆம் பிரிவுப்படி, ஒருவன் இன்னொருவரின் மனைவியோடு உறவு வைத்தால் அந்தப் பெண்ணின் கணவர் வழக்குப் போடலாம். தவறு செய்தவனின் மனைவி போட முடியாது. தாலி கட்டியவளுக்கு அந்தக் குற்றத்தில் இடமே இல்லை. 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பிரிவையே ரத்து செய்தது. இப்போது அது குற்றமில்லை. விவாகரத்துக்குக் காரணமாக மட்டும் நிற்கிறது.

அரசு ஊழியரின் நிலை கொஞ்சம் வேறு. துணைவர் உயிரோடு இருக்கும்போது இன்னொரு திருமணம் செய்தால், தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-இன்படி அது ஒழுங்கீனம். மனைவி துறைக்கு ஒரு மனு அனுப்பினால் 17 பி மெமோ, அதாவது வேலையே போகக்கூடிய ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு, வரும். ராணுவத்தில் இன்னும் கண்டிப்பு: 497 போனாலும் படையினர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கத் தடையில்லை என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியது.

அந்த மனு அனுப்பும் மனைவிகளை எனக்குத் தெரியும். கோபத்தில் அனுப்பிவிடுவார்கள். மெமோ வந்ததும் ஓடி வந்து, "வேலை போயிடுமா மேடம்? வேலை போயிட்டா ஜீவனாம்சம் யார் தருவா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. டிஸ்மிஸ் ஆகிவிட்டால் ஓய்வூதியமும் சேர்ந்து போகும். சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்ல சம்பளமே இருக்காது. ஊர் கேட்கும் தண்டனையும் அந்த வீட்டுக்குத் தேவைப்படும் நியாயமும் ஒன்றாக இருப்பதில்லை. டிவி விவாதத்தில் ராஜினாமா கேட்கிறவர்கள் யாரும் அந்த மனைவியிடம் அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டதாக நான் பார்த்ததில்லை.

அரசியல்வாதிக்கு 17 பி கிடையாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 8-ஆம் பிரிவில் தகுதி இழப்பு குற்றத் தீர்ப்பைப் பொறுத்தது. முதல் மனைவி இருக்கும்போது இரண்டாவது திருமணம் செய்து, அந்தக் குற்றத்துக்கு இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றால் பதவி போகும். அதுவரை போகாது.

ஹரியானாவில் நடந்ததைப் பாருங்கள். துணை முதல்வராக இருந்த சந்தர் மோகன், ஏற்கெனவே மணமானவர், 2008-இல் இஸ்லாத்துக்கு மாறி இன்னொரு பெண்ணை மணந்தார். அந்தப் பெண் மாநிலத்தின் உதவி அட்வகேட் ஜெனரலாக இருந்த வழக்கறிஞர். முதல்வர் பூபிந்தர் சிங் ஹூடா அந்த டிசம்பரில் சந்தர் மோகனைப் பதவியிலிருந்து நீக்கினார். சொன்ன காரணம் இரண்டாவது திருமணம் இல்லை, வாரக்கணக்கில் அலுவலகத்துக்கு வராமல் காணாமல் போனது! அரசாங்கத்தின் பார்வையில் அது சரியான காரணம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தப் பெண்ணும் பொறுப்பை இழந்தார். சில மாதங்களில் அந்தத் திருமணமும் முறிந்தது. 2012-இல் மொஹாலியில் தன் வீட்டில் அவர் இறந்து கிடந்தார். சந்தர் மோகன் 2024 தேர்தலில் பஞ்ச்குலா தொகுதியில் ஜெயித்துச் சட்டமன்றத்துக்குப் போனார். பதவி பறிப்பு என்ற தண்டனை யார் மீது நிரந்தரமாக விழுந்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். எல்லோரும் மெச்சுகிற அந்த ராஜினாமாவுக்குப் பின்னால் ஒரு காலக்கணக்கு இருக்கிறது. சபாநாயகரின் உறவு பற்றித் தனக்கு 2020 நவம்பரிலேயே தெரிந்தது, இருவரையும் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னேன் என்று பிரதமரே சொன்னார். 2023 பிப்ரவரியில் அது தொடர்வது தெரிந்தபோது டான் விலக முன்வந்தார், ஆனால் விலகியது ஜூலையில். இடைப்பட்ட காலத்தில் அவர் சபையை நடத்திக்கொண்டிருந்தார். யாருக்குப் பேச நேரம் தருவது, யாரை உட்காரச் சொல்வது என்பதெல்லாம் அவர் கையில். அந்தச் சபையில் செங்கும் ஓர் உறுப்பினர். இன்னும் முன்னதாகவே தான் நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்று லீ ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். என்னைக் கேட்டால், அந்த வாரத்தின் முக்கியமான செய்தி அதுதான். யார் யாரோடு இருந்தார்கள் என்பதைவிட, தெரிந்தவர்கள் எவ்வளவு காலம் சும்மா இருந்தார்கள் என்பது பொது விஷயம்.

பாட்டாளிக் கட்சியின் விவகாரத்தில் கேள்வி வேறு. பெரேராவிடம் கட்சித் தலைமை முன்பே விசாரித்தது. அவர் இல்லை என்று மறுத்திருந்தார். அதே கட்சி 2012 பிப்ரவரியில் ஹவ்காங் தொகுதி உறுப்பினர் யாவ் ஷின் லியோங்கை நீக்கியபோதும் காரணமாகச் சொன்னது, அவரைப் பற்றிய பேச்சுகளுக்குக் கட்சியிடமும் மக்களிடமும் அவர் விளக்கம் தரவில்லை என்பதே. பிரிட்டனின் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃபுமோ 1963-இல் வீழ்ந்ததும் நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பொய் சொன்னதால்தான்.

குழுவில் உட்காரும்போது நான் முதலில் எழுதிக்கொள்வது இருவருடைய பதவி. உறவு பற்றிய விவரம் அதற்கு அப்புறம். ஒருவர் மற்றவருக்குச் சம்பள உயர்வு, இடமாற்றம், ஆண்டு மதிப்பீடு இவற்றில் எதையாவது முடிவு செய்கிறாரா? செய்கிறார் என்றால் "இருவரும் விரும்பித்தான்" என்ற வாக்கியத்தை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. உறவு நன்றாகப் போகும் வரை யாரும் புகார் தருவதில்லை. முறிந்த மறுவாரம் அந்த இளைய ஊழியருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வரும். மேலாளர் அதே நாற்காலியில் இருப்பார்.

ஆஸ்திரேலியாவில் 2018 பிப்ரவரியில் துணைப் பிரதமர் பார்னபி ஜாய்ஸ் தன்னிடம் வேலை பார்த்திருந்த பெண்ணோடு உறவில் இருந்தது வெளியானது. பிரதமர் மால்கம் டர்ன்புல் உடனே அமைச்சர்களின் நடத்தை விதியைத் திருத்தினார். மணமானவரோ இல்லையோ, அமைச்சர் தன் ஊழியருடன் பாலுறவு வைக்கக் கூடாது என்று எழுதிவைத்தார். மண வாழ்க்கையைப் பற்றிய பேச்சே இல்லாத விதி. எனக்குப் பிடித்தது அதுதான். ஜாய்ஸ் அந்த மாதமே விலகினார், 2021-இல் துணைப் பிரதமராகவே திரும்பி வந்தார். அவர் திரும்பி வந்தாலும் விதி போய்விடவில்லை. இந்தியாவில் அமைச்சர்களுக்கான நடத்தை நெறி சொத்துக் கணக்கு, தொழில் தொடர்பு, பரிசுப் பொருள் பற்றியெல்லாம் சொல்கிறது. தன் கீழ் வேலை செய்பவரோடு அமைச்சர் வைக்கும் உறவு பற்றி எதுவும் சொல்வதில்லை.

ராஜினாமா விசாரணையை எப்படி விழுங்கும் என்பதை நிறுவனங்களில் நேரிலேயே பார்க்கலாம். புகார் வந்ததும் மேலாளர் ராஜினாமா கடிதம் கொடுப்பார். நிர்வாகம் நிம்மதியாக, "அவரே போயிட்டார் மேடம், இனி எதுக்கு விசாரணை?" என்று கேட்கும். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் விலகினால் விசாரணையை நிறுத்திவிடலாம் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் நிறுத்துவதில்லை. அறிக்கை எழுதப்படாவிட்டால் அவர் அடுத்த கம்பெனியில் நல்ல பெயரோடு சேர்வார், புகார் தந்த பெண் "அவரை வெளியேத்தினவ" என்ற பெயரோடு இங்கேயே இருப்பார். பிரிட்டனின் சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் 2021 ஜூனில் விலகியதும் இப்படித்தான். கொரோனா இடைவெளி விதியை மீறியதற்காக என்று விலகினார். தன் துறையையே மேற்பார்க்கும் குழுவில் பிறகு உறவு வெளியான தன் தோழியைச் சம்பளத்தோடு நியமித்தது அதைவிடக் கனமான விஷயம். ராஜினாமா செய்தியின் சத்தத்தில் அது பின்னுக்குப் போனது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். மணமீறிய உறவு வேறு, வன்கொடுமை வேறு. இரண்டையும் "பாலியல் சர்ச்சை" என்ற ஒரே கூடையில் போட்டால் லாபம் குற்றவாளிக்கு. கர்நாடகத்தின் ஹாசன் தொகுதி எம்.பி.யாக இருந்த பிரஜ்வல் ரேவண்ணா வழக்கு கள்ள உறவுக் கதை இல்லை. 2025 ஆகஸ்டில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் அவருக்குப் பாலியல் வன்கொடுமைக்காக ஆயுள் தண்டனை விதித்தது. 2024 தேர்தல் சமயத்தில் அந்தக் கொடுமைகளைப் பதிவு செய்த வீடியோக்கள் பென் டிரைவில் ஊரெங்கும் சுற்றின. பார்த்தவர்கள் அரசியல்வாதியை அசிங்கப்படுத்துவதாக நினைத்திருக்கலாம். அசிங்கப்பட்டது அந்தப் பெண்கள். உங்கள் வாட்ஸ்அப்புக்கு இப்படி ஏதாவது வந்தால் அனுப்பிவைக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவில் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. "நான் எடுக்கலை, ஃபார்வேர்ட்தான் பண்ணேன்" என்பது தற்காப்பு ஆகாது.

சட்டமன்ற உறுப்பினர் அல்லது கவுன்சிலரின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலையோ உதவியாளர் வேலையோ பார்க்கும் பெண்களுக்கு, அங்கே பாலியல் தொல்லை நேர்ந்தால் பயன்படும் ஒரு தகவல். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமானாலும், புகார் முதலாளி மீதே என்றாலும், நீங்கள் போக வேண்டியது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்கு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். உங்கள் பெயரை வெளியிடச் சட்டம் அனுமதிக்காது. அவர் வீட்டில் சமையலுக்கோ துப்புரவுக்கோ போகிறவர்களுக்கும் இந்தக் குழு உண்டு. ஆனால் கட்சியின் மகளிரணியில் உழைக்கும் பெண்ணுக்கு இந்த வழி இல்லை. கட்சிக்கும் உறுப்பினருக்கும் முதலாளி, தொழிலாளி உறவு இல்லை, எனவே கட்சிகள் புகார்க் குழு அமைக்கத் தேவையில்லை என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2025-இல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. டிவியில் ராஜினாமா கோரும் கட்சிகள் தங்கள் அலுவலகத்தில் தாங்களாகவே ஒரு குழு வைத்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. அதைக் கேட்டுத்தான் நாம் சத்தம் போட வேண்டும்.

அரசியல்வாதியின் மனைவியாக இருந்து ஜீவனாம்ச வழக்குக்கு வருகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. "அவர் பேர்ல ஒண்ணுமே இல்லைங்க" என்று எதிர்தரப்பு சொல்லும். சட்டமன்றம், நாடாளுமன்றத்துக்கு நின்றவர் என்றால் படிவம் 26-இல் தன் சொத்து, மனைவியின் சொத்து, சார்ந்திருப்பவர்களின் சொத்து, கடந்த 5 ஆண்டு வருமான வரிக் கணக்கின் மொத்த வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதியிருப்பார். எந்தக் கட்டத்தையும் காலியாக விட முடியாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பொய் சொன்னால் 6 மாதம் வரை சிறை. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் அதை யாரும் இறக்கிக்கொள்ளலாம். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு குடும்ப நீதிமன்றத்திலும் இருதரப்பும் சொத்து விவரப் பத்திரம் தாக்கல் செய்கிறார்கள். அவர் இங்கே தருவதையும் அங்கே தந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசப்படும் வரிகளில் பென்சிலால் கோடு போட்டு, அடுத்த வாய்தாவுக்கு முன்னால் உங்கள் வக்கீலிடம் கொடுங்கள்.