மரப்புறாவுக்கு எந்த ரவை?

கிழக்கு இங்கிலாந்தில் கால்நடை மருத்துவராகப் பணிபுரியும் என்னிடம் வேட்டை நாய்களைக் கொண்டுவருபவர்கள் அதிகம். அவர்களுள் ஒரு விவசாயி, பட்டாணிப் பயிரை மொட்டையடித்துக்கொண்டிருந்த மரப்புறாக்களைச் சுட்டு, இரண்டை எனக்கும் கொடுத்தார். நெஞ்சுக்கறியை உரித்து, கைக்குத் தட்டுப்பட்ட நான்கு ஈய ரவைகளையும் (தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகள்) எடுத்தெறிந்த பிறகு, ஓர் ஆர்வத்தில் அதை எக்ஸ்ரே தட்டில் வைத்துப் பார்த்தேன். ரவை புகுந்த தடம் நெடுகிலும் மாவு தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. எலும்பில் மோதும்போது ஈயத்திலிருந்து உதிரும் இந்தத் துகள்கள் விரலுக்கும் அகப்படாது, பல்லுக்கும் அகப்படாது. ஆகவே ரவையைப் பொறுக்கிவிட்டால் கறி சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கை தவறு.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என ஒன்று இல்லை என்றே உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளரும் மூளையை அது பாதிப்பதால், சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இக்கறியைத் தவிர்ப்பது நல்லது. இங்கிலாந்தில் நீர்ப்பறவைகளைச் சுட ஈய ரவையைப் பயன்படுத்துவதற்கு 1999-இலேயே தடை வந்தது; தனித்தனியே விண்ணப்பிக்கத் தேவையில்லாத பொது உரிமத்தின் கீழ், பயிர்ச்சேதத்தைத் தடுப்பதற்காக வயலில் சுடப்படும் மரப்புறாவுக்கு அத்தடை பொருந்தவில்லை. மூன்றாண்டு அவகாசத்துடன் ஈய ரவையை விலக்கப்போவதாக அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. அதுவரை காத்திருப்பானேன் என்பது என் கட்சி. (இந்தியாவில் காட்டுப் பறவைகளைச் சட்டம் காப்பதால், அங்குள்ளவர்களுக்கு இது வெறும் செய்திதான்.)

மாற்று என்றால் பெரும்பாலும் இரும்பு ரவை. ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.3 கிராம், இரும்பின் அடர்த்தி சுமார் 7.8 கிராம், எடை குறைந்த ரவை விரைவில் வேகமிழக்கும் என்பதால், இரண்டு எண் பெரியதாக எடுப்பது வழக்கம் (எண் குறையக் குறைய ரவை பெரிது). 2.6 மி.மீ. விட்டமுள்ள 6-ஆம் எண் ஈய ரவையால் சுட்டவர், 3.1 மி.மீ. விட்டமுள்ள 4-ஆம் எண் இரும்பு ரவைக்கு மாற வேண்டும். தூரத்தையும் 35 மீட்டருக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். எட்டாத் தூரத்தில் சுட்டால் பறவை சாகாமல் காயத்தோடு பறந்துபோய்ப் புதரில் துடிக்கும்.

இரும்பு கடினமானது, ஈயத்தைப் போல நசுங்கி வழிவிடாது. ஆகையால் குழல்வாய் மிகவும் குறுகிய துப்பாக்கிக்கு ஆகாது. அந்த விவசாயியிடம் இருந்ததோ தாத்தா காலத்துத் துப்பாக்கி. அதில் தோட்டா அமரும் அறையின் நீளம் 65 மி.மீ. மட்டுமே என்பதைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவர்தான் அளந்து சொன்னார். 70 மி.மீ. தோட்டாவும் அதற்குள் இடறாமல் நுழைந்துவிடும், ஆனால் வெடிக்கும்போது அதன் முனை விரிய இடமின்றி அழுத்தம் அபாயகரமாக ஏறும். அதற்கு ஈயத்தைப் போலவே மென்மையான பிஸ்மத் ரவை, 65 மி.மீ. தோட்டாவில், பொருந்தியது, விலைதான் அதிகம். தோட்டாவில் மருந்துக்கும் ரவைக்கும் இடையே இருக்கும் உள்ளடைப்பு பிளாஸ்டிக்காக இல்லாமல் நார்ப்பொருளாக இருக்கட்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன், ஏனெனில் வயலில் சிதறும் பிளாஸ்டிக்கைக் கன்றுகள் மென்றுவிடுகின்றன.

இப்போது பழைய துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துவிட்டு, புதியதில் இரும்பு ரவைதான் சுடுகிறார். போன மாதம் கொடுத்த புறாவையும் தட்டில் வைத்தேன். உருண்டையாக ஐந்து புள்ளிகள், சுற்றிலும் துகளே இல்லை. ஐந்தையும் எண்ணி எடுத்தேன். ஆறாவது ஒன்று கண்ணில் படாமல் போயிருந்தால் பல் உடையுமே என்று என் மனைவி மட்டும் இன்னும் மெல்லத்தான் கடிக்கிறாள்.