தப்பான திருப்பத்துக்கு முந்தைய சில வினாடிகள்

வரைபடத்தைப் பார்த்துச் சைக்கிளில் வழி கண்டுபிடித்துப் போகும் மவுண்டன் பைக் ஓரியன்டீரிங் போட்டியில் ஒருவர் வழி தவறினால், "எந்த இடத்தில் தப்பாகத் திரும்பினீர்கள்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஆனால் தப்பு பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே நடந்து முடிந்திருக்கும். "நாம் இருப்பது இந்த இடம்தான்" என்று சரிபார்க்காமல் மனசு முடிவுகட்டிய வினாடிதான் அதன் தொடக்கம்.

போட்டி எப்படி நடக்கும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். வரைபடத்தில் ஒரு முக்கோணம் இருக்கும், அதுதான் தொடங்கும் இடம். எண் போட்ட வட்டங்கள் 'கன்ட்ரோல்' எனப்படும் நிலைகள். இரட்டை வட்டம் முடிவு. ஒவ்வொரு கன்ட்ரோலிலும் வெள்ளையும் ஆரஞ்சுமாக ஒரு கொடி தொங்கும். அங்கே போய் எலக்ட்ரானிக் சிப்பில் பதிவு செய்துவிட்டு அடுத்ததற்குக் கிளம்ப வேண்டும். இடையில் எந்தப் பாதையில் போவது என்பது அவரவர் முடிவு. வழிகாட்டும் ஜிபிஎஸ் கூடாது. பல போட்டிகளில் பாதையை விட்டுக் காட்டுக்குள் சைக்கிளை இறக்கவும் கூடாது. இதற்கான முதல் உலகச் சாம்பியன்ஷிப் 2002-ல் பிரான்ஸின் ஃபோன்டென்ப்ளோவில் நடந்தது.

வரைபடத்தில் பாதைகளின் கோடுகளே வேகத்தைச் சொல்லும். முழுக் கோடு என்றால் நன்றாக ஓட்டலாம். கோடு துண்டு துண்டாகிக்கொண்டே போனால் ஓட்டுவதும் கடினமாகிக்கொண்டே போகிறது என்று அர்த்தம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 1:15,000 அளவு வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 15 மீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு வினாடியில் ஏறக்குறைய 7 மீட்டர் கடக்கிறார். இரண்டு வினாடி குனிந்து வரைபடத்தைப் பார்த்தால் 14 மீட்டர் போய்விட்டது. அந்த இரண்டு வினாடியில் இடதுபக்கம் புதர் மண்டிய ஒரு கிளைப்பாதை வந்திருந்தால், அவரைப் பொறுத்தவரை அது இல்லவே இல்லை. நடந்தோ ஓடியோ போகிறவர்கள் வரைபடத்தில் தாங்கள் இருக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து நகர்த்திக்கொண்டே போவார்கள். சைக்கிளில் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கிறது. பிரேக்கிலிருந்து விரலை எடுக்கவும் பயம்.

தூரத்தை உடம்பாலும் அளக்க முடிவதில்லை. ஓடுகிறவர் அடிகளை எண்ணலாம். சைக்கிளில் ஒரு மிதிக்கு எவ்வளவு தூரம் என்பது கியருக்குக் கியர் மாறும். இறக்கத்தில் மிதிக்காமலே அரைக் கிலோமீட்டர் ஓடிவிடும்.

நம் மூளைக்கு இடத்தைக் கணிக்கத் தெரியாது என்று இல்லை. எலிகளின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில், குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்களை ஜான் ஓ'கீஃப் 1971-ல் அறிவித்தார். இடத்தைக் கட்டம் கட்டமாக அளக்கும் செல்களை மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் 2005-ல் விளக்கினார்கள். மூவருக்கும் 2014-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எவ்வளவு தூரம் வந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று மூளை கூட்டிக்கொண்டே வருகிறது. சிக்கல் என்னவென்றால், கூட்டலில் விழும் சின்னப் பிழைகளும் சேர்ந்துகொண்டே போகும். 2009-ல் யான் சோமன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மனியின் ஒரு காட்டில் மேகமூட்டமான நாளில் நேராகப் போகச் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் தங்களுக்கே தெரியாமல் வட்டமடித்தார்கள். சூரியன் தெரிந்தபோது நேராகவே போனார்கள். ஆக, உள்ளே நடக்கும் கணக்கை வெளியில் உள்ள ஏதாவது ஒன்றைப் பார்த்து அடிக்கடி திருத்தியாக வேண்டும். வரைபடத்தைப் பார்ப்பதே அந்தத் திருத்தத்துக்குத்தான்.

அந்தப் பார்வை வேகமாக முடிய வேண்டும். உளவியலாளர்கள் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் 1971-ல் காட்டியது இங்கே அப்படியே பொருந்தும்: ஓர் உருவத்தை மனதுக்குள் திருப்பிப் பார்க்க ஆகும் நேரம், திருப்ப வேண்டிய கோணத்துக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகிறது. ஹேண்டில்பாரில் மாட்டும் வரைபடத் தட்டு சுழலும்படி செய்யப்பட்டிருப்பதன் அருமை இதில்தான் இருக்கிறது. போகும் திசை வரைபடத்திலும் மேலே இருந்தால் மனசு எதையும் திருப்ப வேண்டியதில்லை. தட்டைத் திருப்ப மறந்துவிட்டால் இடம் வலமாகிவிடும், தெற்கே போக வேண்டியவர் வடக்கே போவார். இந்தத் தப்பைத் திசைகாட்டியை ஒரு தடவை பார்த்தாலே பிடித்துவிடலாம்.

பிடிபடாத தப்பு வேறு ஒன்று இருக்கிறது. ஓடையைத் தாண்டியதும் இடதுபக்கம் இரண்டாவது பாதையில் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் பாதை நிழலில் மறைந்து கண்ணில் படவில்லை. உண்மையில் இரண்டாவதாக வருவதை 'ஒன்று' என்று எண்ணித் தாண்டிவிட்டு, மூன்றாவதில் திரும்புகிறார். அதுவும் வடமேற்கே போகிறது, அதுவும் லேசாக ஏறுகிறது. திசைகாட்டி எந்தக் குறையும் சொல்லாது. 200 மீட்டரில் வலதுபக்கம் வெட்டவெளி வர வேண்டும். வந்ததோ இடுப்பளவு கன்றுகள் நட்ட இடம். "வரைபடம் போட்ட பிறகு நட்டிருப்பார்கள்" என்கிறது மனசு. குறுக்கே ஒரு வாய்க்கால் வர வேண்டும், வரவில்லை. "தூர்ந்துபோயிருக்கும்." பாதை வலப்புறம் வளைய வேண்டிய இடத்தில் நேரே போகிறது. "இன்னும் கொஞ்சம் தள்ளி வளையும்."

ஒவ்வொரு சமாதானமும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது, அதுதான் ஆபத்து. உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-ல் ஒரு சோதனை வைத்தார். 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, இதன் பின்னால் இருக்கும் விதியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். பலரும் தங்கள் ஊகத்துக்கு ஒத்துவரும் எண்களையே சொல்லிச் சோதித்தார்கள். ஊகம் தப்பாக இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் எண்களைத் தேடவில்லை. விதி வெறுமனே ஏறுவரிசைதான். மூச்சு வாங்க மிதிக்கிறவரும் இதையேதான் செய்கிறார். ஒத்துவருவது மட்டும் கண்ணில் படுகிறது.

தேர்ந்தவர்கள் கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்கள்: "நான் தப்பான பாதையில் இருந்தால் இப்போது எது தெரியும்?" ஒரே திசையில் போகும் இரண்டு பாதைகளை வளைவும் தூரமும் ஏற்றமும்தான் பிரித்துக் காட்டும். ஆகவே கிளம்பும்போதே, "வாய்க்கால் வராவிட்டால் நிறுத்துவேன்" என்று ஓர் எல்லையை மனதில் வைத்துக்கொள்கிறார்கள். வரைபடத்தைப் படிப்பதை ஏற்றத்திலும் சமதளத்திலும் முடித்துக்கொள்கிறார்கள். நினைவில் ஏற்றுவதும் கொஞ்சம்தான்: ஓடை, இரண்டாவது இடது, மேட்டின் உச்சியில் வலது. இதற்கு மேல் ஏற்றினால் முதலில் ஏற்றியது நழுவும்.

இறக்கத்தில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் முக்கியம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் தப்பான இறக்கத்தில் 30 வினாடி இறங்கினால் 250 மீட்டர். அதையே 8 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப ஏற ஏறக்குறைய 1 நிமிடம் 50 வினாடி. சந்தேகம் வந்த பிறகும், இறங்கியதைத் திரும்ப ஏற மனசு வராமல் இன்னும் கொஞ்சம் கீழே போய்ப் பார்க்கிறவர்கள் நிறைய. அங்கே பிரேக் பிடிப்பதுதான் வேகமான வழி. சைக்கிளை நிறுத்தி, தட்டைத் திருப்பி, சந்தேகமே இல்லாத கடைசி இடம் எது என்று கேட்டு, அதுவரை திரும்பிப் போக வேண்டும். குறுக்கே வெட்டிச் சரிசெய்யப் பார்த்தால், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் இன்னொரு ஊகத்தின் மேல் ஏறுகிறோம்.

பயணத்தைப் பதிவு மட்டும் செய்யும் கைக்கடிகாரத்துக்குப் பெரும்பாலும் அனுமதி உண்டு. முடிந்ததும் அந்தத் தடத்தை வரைபடத்தின் மேல் போட்டுப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது தப்பான திருப்பத்திலேயே நின்றுவிடாமல் தடத்தில் பின்னோக்கிப் போங்கள். ஓடைப் பாலத்தில் சரியாக இருந்தீர்கள். அதற்கப்புறம் திரும்பும்வரை எந்தப் பொருளையாவது வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தீர்களா? அந்த இடைவெளி எத்தனை மீட்டர் என்று குறித்துவைத்துக்கொண்டால், அடுத்த போட்டியில் எவ்வளவு தூரத்துக்கு ஒருமுறை குனிய வேண்டும் என்பது தெரிந்துவிடும்.