எலக்ட்ரான் போகும் திசைக்குக் கட்டுப்பட்ட ஸ்பின்

டோபாலஜிக்கல் இன்சுலேட்டர் என்றதும் 'உள்ளே மின்காப்பான், மேற்பரப்பில் கடத்தி' என்று சொல்லிவிட்டுப் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அவ்வளவுதான் என்றால் கண்ணாடித் துண்டின் மேல் உலோகப் பூச்சு பூசினாலே வேலை முடிந்துவிடுமே! ஸ்பின்ட்ரானிக்ஸ் ஆட்கள் (எலக்ட்ரானின் மின்னூட்டத்தோடு ஸ்பினையும் பயன்படுத்திக் கருவிகள் செய்யப் பார்ப்பவர்கள்) இதன் பின்னால் ஓடக் காரணம், அந்த மேற்பரப்பில் எலக்ட்ரானின் ஸ்பின், அதாவது அதைக் குட்டிக் காந்தம் போல ஒரு பக்கம் பார்க்க வைக்கும் பண்பு, அது போகும் திசைக்குக் கட்டுப்பட்டே இருக்கிறது என்பது.

டோபாலஜிக்கல் இன்சுலேட்டர்களில் ஒன்றான பிஸ்மத் செலினைடை எடுத்துக்கொள்வோம். பிஸ்மத்தின் அணு எண் 83. இவ்வளவு கனமான அணுக்கருவின் மின்புலத்தில் வேகமாக நகரும் எலக்ட்ரானுக்கு, அந்த மின்புலம் ஓரளவு காந்தப்புலம் போலத் தெரியும். அது ஸ்பினைப் பிடித்துத் திருப்பும். இந்த விளைவு பலமாக இருப்பதால் படிகத்தின் உள்ளே ஆற்றல் பட்டைகளின் (எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகளின் தொகுப்புகள்) வரிசையே தலைகீழாகிவிடுகிறது, மேலே இருக்க வேண்டியது கீழே, கீழே இருக்க வேண்டியது மேலே. வெளியே வெற்றிடத்தில் வரிசை வழக்கம்போலத்தான். இரண்டும் சந்திக்கும் எல்லையில் வரிசை மறுபடி மாறியாக வேண்டும், அதற்குப் பட்டைகளுக்கு நடுவே எலக்ட்ரான் இருக்க முடியாத இடைவெளி அங்கே மூடித்தான் ஆக வேண்டும், அதனால்தான் மேற்பரப்பு கடத்துகிறது. படிகத்தை வெட்டினால் வெட்டிய முகமும் கடத்தும்.

இந்த மேற்பரப்பில் வலப்பக்கம் போகும் எலக்ட்ரானின் ஸ்பின், அதன் பாதைக்குச் செங்குத்தாக, மேற்பரப்பின் தளத்திலேயே ஒரு பக்கம் பார்க்கிறது. இடப்பக்கம் போவதன் ஸ்பின் நேர் எதிர்ப்பக்கம். அப்படியானால் ஓர் எலக்ட்ரான் வந்த வழியே திரும்ப வேண்டுமென்றால் ஸ்பினும் 180 பாகை சுழல வேண்டும். ஒரு மாசணுவில் (படிகத்தில் கலந்த வேற்று அணு) மோதினால் ஸ்பின் இப்படியும் சுழலலாம், அப்படியும் சுழலலாம். இந்த இரண்டு வழிகளுக்கும் இடையிலான வித்தியாசம் 360 பாகை. எலக்ட்ரானை ஒரு முழுச் சுற்று சுற்றினால் அதன் அலைச்சார்பு (அதன் குவாண்டம் நிலையைச் சொல்லும் கணிதச் சார்பு) பழைய நிலைக்கு வராது, குறி மாறி எதிர்மமாகிவிடும் (இதைக் கேட்டுத் தலை சுற்றினால் தப்பில்லை). ஆக இரண்டு வழிகளும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, நேர் பின்னோக்கிய சிதறல் நடப்பதில்லை. மாசணுவே காந்தத் தன்மையுடையதாக இருந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு உடையும்.

இதை வைத்து 'மின்தடையே இல்லை' என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள். தடைப்பட்டது நேர் எதிர்த்திசைச் சிதறல் மட்டும்தான். மேற்பரப்பு இரு பரிமாணம் கொண்டது, பக்கவாட்டில் சிதறத் தடையில்லை.

சரி, இதனால் என்ன பயன்? மின்னோட்டம் இல்லாதபோது எதிரெதிர் ஸ்பின்கள் சமமாக இருந்து ஈடுகட்டிக்கொள்ளும். மின்னழுத்தம் கொடுத்ததும் ஒரு திசையில் போகும் எலக்ட்ரான்கள் கூடும், கூடவே ஒரே பக்கம் பார்க்கும் ஸ்பின்களும் கூடும், காந்தமே வைக்காமல். மின்னோட்டத்தைத் திருப்பினால் ஸ்பினும் திரும்பும். மேலே ஒரு மெல்லிய காந்தப் படலத்தை வைத்தால் இந்த ஸ்பின்கள் அதன் காந்தமாக்கலைத் தள்ளித் திருப்பப் பார்க்கும். காந்த நினைவகத்தில் 0, 1 எழுத வேண்டியது அதுதானே. பிளாட்டினம் போன்ற கன உலோகங்களும் இதைச் செய்யும். ஆனால் 2014-இல் கார்னெல், பென் ஸ்டேட் பல்கலைக்கழகக் குழுவினர் பிஸ்மத் செலினைடின் மேல் பெர்மலாய் (நிக்கல்-இரும்புக் காந்தக் கலவை) படலம் வைத்து அறை வெப்பநிலையிலேயே அளந்தபோது, மின்னோட்டத்தின் அளவுக்கு ஒப்பிட்டால் காந்தமாக்கலைத் திருப்பக் கிடைத்த முறுக்குவிசை அந்த உலோகங்களை மிஞ்சியது.

தொல்லை வேறு இடத்தில். பிஸ்மத் செலினைடு வளரும்போது செலினியம் அணுக்கள் சில இடங்களில் விட்டுப்போகும், அந்தக் காலியிடங்கள் கூடுதல் எலக்ட்ரான்களைத் தந்து உள்பகுதியையும் கடத்த வைத்துவிடும். அப்புறம், மேலே வைக்கும் உலோகக் காந்தம் இதைவிட நன்றாகக் கடத்துவதால் மின்னோட்டத்தின் பெரும்பகுதி அதன் வழியாகவே போய் வீணாகிறது. இதற்கு மின்காப்புக் காந்தமான இட்ரியம் இரும்பு கார்னெட்டை வைத்துப் பார்க்கிறார்கள். இன்னொரு பக்கம், மற்றொரு டோபாலஜிக்கல் இன்சுலேட்டரான பிஸ்மத்-ஆன்டிமனி கலவை: 2018-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தினர் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு முக்கியக் காரணம், அது நன்றாகக் கடத்துகிறது என்பதே.