ஸ்டாப்வாட்ச்சை யார் பக்கத்தில் நின்று அமுக்கினீர்கள்?

போன வாரம் ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன யூனிட்டுக்குப் போயிருந்தேன். வாசலிலேயே சிவப்பு டிரேக்களில் 82 புஷ் (தண்டு நுழையும் உலோகக் குழாய்த் துண்டு) அடுக்கியிருந்தது. அத்தனையும் ஸ்கிராப். நடுத்துளை, அதாவது போர், 32 மில்லிமீட்டர்; அளவு எவ்வளவு விலகலாம் என்கிற வரம்பு ஹெச்7. அதாவது 32.000-க்கும் 32.025-க்கும் நடுவில் நிற்க வேண்டும். நின்றதோ 32.1. "இந்தப் பசங்களை வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது?" என்றார் ஓனர். இந்த வருஷம் இதே கேள்வி என் காதில் விழுவது ஐந்தாவது முறை. பொறுமை போய்விட்டது, எழுதிவிடுகிறேன்.

நடந்தது இதுதான். துளை குடையும் இன்சர்ட், அதாவது வெட்டுமுனை, தேயத் தேய போர் சிறுத்துக்கொண்டே வரும். அந்த மெஷினில் வழக்கமாக நிற்கும் மூத்த ஆபரேட்டர் நேரம் பார்த்து, தேய்மானத்தை ஈடுகட்டும் திருத்தமாக 10 மைக்ரான் (0.010 மில்லிமீட்டர்) ஆஃப்செட் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போவார். அன்று அவர் ஊரில் எருது விடும் விழா, லீவு. மெஷினில் நின்றது பாலக்கோடு பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பையன். பிளஸ் டூ முடித்து கான்ட்ராக்டில் சேர்ந்து 17 நாள் ஆகிறது. 0.010 போட வேண்டிய இடத்தில் 0.10 போட்டுவிட்டான்.

சரி, ஒரு பூஜ்யம் யாருக்கும் தவறும். ஆனால் அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் ஒரு பீஸ் விடாமல் பிளக் கேஜ் (துளையில் நுழைத்து அளவு பார்க்கும் இரண்டு முனைக் கருவி) போட்டுப் பார்த்திருக்கிறான். கேஜை என்னிடம் நீட்டி, "எல்லாமே நல்லா உள்ள போச்சு சார்" என்றான். உள்ளே போக வேண்டிய கோ முனையை மட்டும்தான் போட்டிருக்கிறான். போகக்கூடாத மறுமுனையைப் போடவே இல்லை. இந்த முனையில் சிவப்புக் கோடு எதற்குப்பா என்று திருப்பிக் காட்டினேன். "கம்பெனி மார்க்குன்னு நினைச்சேன் சார்."

இதில் பையன் செய்த தப்பு எவ்வளவு, திட்டம் போட்டவர் செய்த தப்பு எவ்வளவு?

வேலையை எப்படிச் செய்வது என்று எழுதி வைக்கும் பிராசஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். எந்த மெஷின், எந்த இன்சர்ட், என்ன ஸ்பீடு, என்ன ஃபீடு, எந்த கேஜ், எல்லாம் தசமப் புள்ளி சுத்தமாக இருக்கிறது. 'ஆள்' என்ற கட்டத்தில் மட்டும் '1'. இன்சர்ட்டுக்குக் கிரேடு எழுதத் தெரிந்தவருக்கு ஆளுக்குக் கிரேடு எழுதத் தோன்றவில்லை. ஆள் என்றால் ஆள், யார் நின்றாலும் ஒன்று என்கிற கணக்கு. எனக்குப் பிபி ஏற்றுவது இந்த '1'தான்.

அந்த ஷீட்டில் சைக்கிள் டைம், அதாவது ஒரு பீஸுக்கு ஆகும் நேரம், 70 நொடி. ஸ்டாப்வாட்ச் வைத்து யாரிடம் எடுத்தீர்கள் என்றேன். மூத்தவரிடம்தானாம், "அவர்தான் சார் கரெக்டா பண்ணுவார்." அவர் கையில் கட்டிங் 48 நொடி, ஏற்றி இறக்கிச் சரிபார்க்க 22 நொடி. அதே வேலைக்குப் பையனுக்கு 40 நொடி ஆகிறது, ஆக மொத்தம் 88. எட்டு மணி நேர ஷிப்டில் சாப்பாடு, டீ என்று 45 நிமிஷம் கழித்தால் 26,100 நொடி மிச்சம். மூத்தவர் 372 பீஸ் எடுப்பார், பையன் 296. மூன்று ஷிப்டிலும் மூத்தவரே நிற்பதாக நினைத்து 1,116 பீஸுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஷிப்டில் அவர், மற்ற இரண்டில் புதுப் பையன்கள் என்றால் வருவது 964. தினமும் 152 பீஸ் கடன். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை, யாரும் சோம்பேறியும் இல்லை. இந்தக் கடனை அடைக்கத்தான் சூப்பர்வைசர் பையன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று கத்துகிறார். கத்தினால் கட்டிங் நேரம் குறையுமா? செக் பண்ணுவதுதான் குறையும்.

இப்படி வேலை நேரத்தை அளக்கும் டைம் ஸ்டடியில் ரேட்டிங் என்று ஒன்று இருக்கிறது. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் படித்த எல்லோரும் பரீட்சையில் எழுதியதுதான், வேலைக்கு வந்ததும் மறந்துவிடுகிறார்கள். பார்த்த ஆள் சராசரியைவிட வேகமானவர், சராசரி 100 என்றால் இவர் 125 என்று மதிப்பிட்டால் அவருடைய கைவேலை நேரத்தை 1.25-ஆல் பெருக்க வேண்டும். 22 நொடி 27.5 ஆகும். மெஷின் ஓடும் 48-ஐத் தொடக்கூடாது. அதற்கு மேல் தண்ணீர் குடிக்க, கை ஓய கொஞ்சம் கூடுதல் நேரம், அதுதான் அலவன்ஸ். அதுவும் தேறின சராசரி ஆளுக்கான நேரம்தான், 17 நாள் பையனுக்கானது இல்லை. புதியவருக்குத் தனிக் கணக்கு. 1936-லேயே ரைட் என்ற அமெரிக்க விமானப் பொறியாளர் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டிவிட்டார்: செய்த விமானங்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒரு விமானத்துக்கான சராசரி உழைப்பு நேரம் முன்பிருந்ததில் 80 சதவீத அளவுக்கு இறங்குகிறது. உங்கள் புஷ்ஷுக்கு அது 80-ஆக இருக்காது, 90-ஆகவும் இருக்கலாம். முதல் மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் ஒரே டார்கெட் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும் என்று வட்டம் போட்டுக் காட்டும் ஸ்கில் மேட்ரிக்ஸ் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சுவரில் லேமினேட் பண்ணி. வாகன உதிரிபாகத் தரச் சான்றான ஐஏடிஎஃப் 16949 ஆடிட்டுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து வட்டங்களைக் கறுப்பாக்குகிறீர்கள். வேலையை விட்டுப் போய் எட்டு மாதமான ஒருவருக்கு முழு வட்டம் போட்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சுவருக்கும் ஷிப்ட் பிளான் போடும் கம்ப்யூட்டருக்கும் நடுவே பத்தடி தூரம்தான். யாரும் நடப்பதில்லை.

நடந்து பாருங்கள். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் எதிரே, இதைத் தனியாகச் செய்ய என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதுங்கள். அது தெரிந்தவர் ஷிப்டுக்கு ஒருவராவது உண்டா என்று எண்ணுங்கள். இல்லையென்றால் வேலையை உடையுங்கள்: ஏற்றி இறக்குவது பையன், இன்சர்ட் மாற்றுவதும் ஆஃப்செட்டும் மெஷினைச் சரிசெய்து கொடுக்கும் செட்டர். மெஷினை இயக்கும் ஃபானுக் கண்ட்ரோலில் ஒரு தடவைக்கு இவ்வளவுக்கு மேல் வியர் ஆஃப்செட் ஏற்ற முடியாதபடி வரம்பு வைக்கலாம். வைத்திருந்தால் அந்த 0.10-ஐ மெஷினே மறுத்திருக்கும். கையேட்டில் இருக்கிறது, யாரும் புரட்டுவதில்லை. வேலைக் குறிப்பைத் தமிழிலும், ஆட்கள் ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களென்றால் அவர்கள் படிக்கும் மொழியிலும், படத்தோடு ஒட்டுங்கள்.

நம் ஊர் காலண்டரையும் பிளானில் சேருங்கள். பொங்கல் முடிந்தால் எருது விடும் விழா, மே, ஜூனில் மாங்காய், ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல், தீபாவளி முடிந்த கையோடு வடக்கத்திப் பிள்ளைகளுக்குச் சத் பூஜை. ஒன்றும் திடீரென்று வருவதில்லை. அந்தந்த வாரம் எந்த மெஷினில் கை தேர்ந்தவர் இருக்க மாட்டார் என்று ஒரு மாதம் முன்பே தெரியும்.

பிரஸ் ஷாப்காரர்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். புது ஆளை நைட் ஷிப்டில் பவர் பிரஸ்ஸில் தனியாக நிறுத்தாதீர்கள். கை உள்ளே மாட்டாமல் இருக்க இரண்டு கையாலும் சேர்த்து அமுக்க வேண்டிய பட்டன்களில் ஒன்றைக் குச்சி வைத்து அமுக்கி வைப்பதைப் பார்த்தும் பார்க்காமல் போகாதீர்கள். புஷ் போனால் இன்னொரு புஷ் செய்துகொள்ளலாம்.

அந்த யூனிட்டில் கிளம்பும்போது ஓனர், பையன் சம்பளத்தில் கொஞ்சம் பிடிக்கப்போவதாகச் சொன்னார். ஷீட்டில் ஆய்வுக்கான வரியைக் காட்டினேன். 'பிளக் கேஜ் போட்டுப் பார்க்கவும், 100 சதவீதம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. எந்த முனை, எது உள்ளே போகக்கூடாது, போனால் யாரைக் கூப்பிடுவது, ஒன்றும் இல்லை. "அவன் நூறு சதவீதம் பார்த்திருக்கான் சார். பிடிக்கணும்னா இதை எழுதினவர்கிட்ட பிடிங்க" என்றேன். ஓனர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஷீட்டைப் பார்த்தார். கீழே இருந்த கையெழுத்து ஓனருடையது.