உப்புக்காற்று வீட்டில் வைஃபை: பெட்டியை எங்கே வைப்பது?

வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர், எந்தச் சுவரில் துளை போட வசதியோ அந்த வழியாகக் கேபிளை உள்ளே இழுத்து, பக்கத்தில் இருக்கும் ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ரவுட்டரை மாட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார். பெரும்பாலும் அது தெருவைப் பார்த்த முன்னறை, டிவிக்குப் பின்னால். கீழக்கரையின் பழைய வீடுகளில் அங்கிருந்து அடுப்படிக்குப் போக மூன்று நான்கு தடிச்சுவர்களைத் தாண்ட வேண்டும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மகன் வீடியோ காலில் வந்தால், உள்ளறைக் கட்டிலில் படுத்திருக்கும் உம்மாவைக் கைத்தாங்கலாக முன்னறைக்குக் கூட்டி வருகிறார்கள். அப்புறம் "நெட் ஸ்லோ" என்று கூடுதல் விலை பிளானுக்கு மாறுகிறார்கள். மாறிய பிறகும் உள்ளறையில் படம் உறைந்துதான் நிற்கிறது.

பிளானில் குறையில்லை. வாசல் வரை வேகம் சரியாகவே வந்திருக்கிறது. கம்பி முடிந்து காற்று தொடங்கும் அந்தக் கடைசிப் பத்து மீட்டரில்தான் அது தொலைகிறது. பணம் செலவழிப்பதற்கு முன் பெட்டியின் இடத்தை மாற்றிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

ஃபைபர் என்பது தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழை. அதற்குள் ஓடுவது ஒளி. வீட்டுக்கு வரும் தகவல் 1490 நானோமீட்டர் அலைநீள ஒளியிலும், வீட்டிலிருந்து போகும் தகவல் 1310 நானோமீட்டர் ஒளியிலும் ஒரே இழையில் எதிரெதிராகப் பயணம் செய்கின்றன. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தெரியவில்லை என்பதற்காக அறுந்த இழையின் முனையைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கக் கூடாது, அது லேசர். பெட்டி அந்த ஒளியை மின்குறிப்பாக மாற்றி, பிறகு வானொலி அலையாக மாற்றி வீட்டுக்குள் பரப்புகிறது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் பெரும்பாலும் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அப்போது பெட்டியை எங்கே நகர்த்தியும் பயனில்லை, இணைப்பு கொடுத்தவரைத்தான் கூப்பிட வேண்டும். விளக்குகள் சரியாக இருந்தால், போனைப் பெட்டிக்கு அருகில் வைத்து ஒரு முறை வேகத்தை அளந்து பாருங்கள். பிறகு உள்ளறையில் அளந்து பாருங்கள். முதல் எண் நன்றாக இருந்து இரண்டாவது மட்டும் சரிந்தால், சிக்கல் முழுக்க உங்கள் சுவர்களுக்குள் இருக்கிறது.

வைஃபையும் வானொலி அலைதான். இந்தக் கரையில் வளர்ந்த முந்தைய தலைமுறைக்கு இலங்கை வானொலி பக்கத்து வீட்டுச் சத்தம் மாதிரி பழக்கம். மத்திய அலையில் ஒலிபரப்பானபோது அந்த அலையின் நீளம் சில நூறு மீட்டர். அவ்வளவு நீளமான அலை பாக் நீரிணையைக் கடந்து, சுவர்களைப் பொருட்படுத்தாமல் வீட்டுக்குள் வந்துவிடும். அலைநீளம் குறையக் குறைய அலையின் நடத்தை ஒளியை நெருங்குகிறது: நேர்கோட்டில் போகும், மறைப்பு வந்தால் பின்னால் நிழல் விழும். இராமேஸ்வரத்தில் தொலைக்காட்சிக் கோபுரத்தை 323 மீட்டர் உயரத்துக்கு எழுப்ப வேண்டியிருந்ததும் இதே காரணத்தால்தான். தொலைக்காட்சி அலை மத்திய அலையைவிட மிகக் குட்டையானது, உயரத்திலிருந்து அனுப்பினால்தான் தூரம் போகும். வைஃபை அலை அதைவிடவும் குட்டை. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் அதை அனுப்பும். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 240 கோடி அதிர்வுகள், அலைநீளம் 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸில் அது சுமார் 6 சென்டிமீட்டர்.

வலிமையோ மிகக் குறைவு. வீட்டு ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸில் அனுப்புவது பொதுவாக ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். திறந்தவெளியிலேயே தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் வலிமை நான்கில் ஒன்றாகிவிடும். வீட்டுக்குள் சுவரும் சேர்ந்து தின்னும். சிக்னலை அளக்கும் செயலிகள் இதை மைனஸ் எண்ணில் காட்டும். மைனஸ் 40 என்றால் அருமை, மைனஸ் 67 வரை வீடியோ கால் தடங்கலில்லாமல் ஓடும், மைனஸ் 80-ஐத் தொட்டால் திணறல். ஒவ்வொரு 10 குறையும்போதும் வலிமை பத்தில் ஒரு பங்காகிறது. மைனஸ் 70 என்பது ஒரு வாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அந்தத் துளியிலிருந்து உம்மாவின் முகத்தையும் குரலையும் போன் மீட்டெடுக்கிறது என்பது எனக்கு இன்னமும் வியப்புத்தான்.

எந்தச் சுவர் எவ்வளவு தின்கிறது என்பதில் நம் கரைக்கென்று சில தனிக்கதைகள் உண்டு. காய்ந்த பனையோலையை அலை ஏறக்குறையக் கண்டுகொள்ளவே செய்யாது. மீனவர் குடியிருப்பின் ஓலை வீட்டில் ஒரு சாதாரண ரவுட்டர் முற்றம் வரை எட்டும். செங்கல் சுவர் ஓரளவு குறைக்கும். பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய தடிச்சுவர்தான் கடினம். தடிமன் ஒரு காரணம், ஈரம் இன்னொன்று. உப்புப் பூத்த சுவர் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் ஊறும். நீர் மூலக்கூறின் ஒரு முனை நேர்மின் பக்கமும் மறுமுனை எதிர்மின் பக்கமும் சாய்ந்திருப்பதால், அலையின் மின்புலம் அதை இப்படியும் அப்படியும் திருப்பப் பார்க்கிறது. அந்த முயற்சியில் அலையின் ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பு சோற்றைச் சூடாக்குவதும் இதே வழியில், இதே 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான். (உங்கள் வீட்டில் அந்த அடுப்பு இருந்தால், அது ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தடுமாறுவதைக் கவனிக்கலாம்.) உப்பு கலந்த நீர் மின்சாரத்தைக் கடத்தவும் செய்யும் என்பதால் இன்னும் மோசம். கடல்நீருக்குள் வைஃபை அலை ஒரு சாண் கூடப் போகாது. கோடையில் நன்றாக வந்த அறையில் மழைக்காலத்தில் சிக்னல் இறங்கினால் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

உலோகம் எதையும் உள்ளே விடாது, திருப்பி அனுப்பிவிடும். தகரக் கூரை, இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், பெரிய நிலைக்கண்ணாடியின் பின்பூச்சு எல்லாம் இந்த வகை. பலரும் நினைத்துப் பார்க்காத ஒன்று ஜன்னலில் அடிக்கும் கொசு வலை. அலைநீளத்தைவிட மிகச் சிறிய ஓட்டைகள் கொண்ட உலோக வலை, அலைக்கு முழுத் தகடு போலத்தான். நைலான் வலையில் இந்தத் தொல்லை கிடையாது. மொட்டைமாடிக்கோ பின்கட்டுக்கோ சிக்னல் வேண்டும் என்றால் இதைக் கவனியுங்கள்.

சரி, பெட்டியை எங்கே வைப்பது? வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில், பீரோவும் ஃபிரிட்ஜும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்காத இடத்தில். ஆன்டெனாவைச் செங்குத்தாக நிறுத்தினால் அலை அதைச் சுற்றி ஒரு மெதுவடை வடிவில் பரவுகிறது: குச்சி வடையின் ஓட்டையில் நிற்கிறது, சுற்றிலும் வலிமை அதிகம், நுனிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் மிகக் குறைவு. ஒரே தளமுள்ள வீட்டுக்கு எல்லா ஆன்டெனாவும் செங்குத்தாக இருப்பது நல்லது. மாடி அறைக்கும் வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்கையாகத் திருப்பிப் பாருங்கள். நடு அறைக்குக் கொண்டுபோகக் கேபிள் எட்டவில்லை என்றால், ஃபைபர் வரும் பெட்டியை முன்னறையிலேயே விட்டுவிட்டு, அங்கிருந்து ஒரு லேன் கேபிளை நடு அறைக்கு இழுத்துத் தனி ரவுட்டர் வைக்கலாம். லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். ஃபைபரையே நீட்டுவதானால் மூலையில் மடக்கி ஆணி அடிக்கக் கூடாது. கண்ணாடி இழையைக் கூர்மையாக வளைத்தால் ஒளி வளைவிலேயே வெளியே கசிந்துவிடும்.

சுவர் இல்லாவிட்டாலும் அலை ஒரே வழியில் வருவதில்லை. பீரோவில் பட்டு ஒன்று, கூரையில் பட்டு ஒன்று என்று எதிரொலிகள் சற்றுப் பிந்தி வந்து மோதும். ஆரம்பக் காலத்தில் வேகத்தைக் கூட்ட விடாமல் தடுத்த பெரிய சிக்கல்களில் இதுவும் ஒன்று. இதைத் தீர்த்ததில் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ என்ற அறிவியல் ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவன் முதலியோருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் வானொலி வானியலில் உழைத்த மின்பொறியாளர், விண்வெளியின் மங்கலான சமிக்ஞைகளைத் தேடிப் பழகியவர். தகவலை ஒரே வேகமான ஓட்டமாக அனுப்பாமல், பல மெதுவான ஓட்டங்களாகப் பிரித்துப் பக்கம் பக்கமாக அனுப்புவது இந்த வழியின் சாரம். பரவலாகப் பயன்பட்ட வைஃபை முறையில் ஒவ்வொரு தகவல் துணுக்குக்கும் முன்னால் 0.8 மைக்ரோநொடி இடைவெளி விடப்படுகிறது. அந்த நேரத்தில் அலை 240 மீட்டர் போய்விடும். வீட்டுக்குள் எந்த எதிரொலியும் அவ்வளவு சுற்றி வராது என்பதால், பிந்தி வருபவை அடுத்த துணுக்கைக் கெடுப்பதற்குள் அடங்கிவிடுகின்றன.

காற்றைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் விதம் தீவுகளில் பிறந்தது. 1971-ல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சனும் அவர் குழுவினரும் சிதறிக் கிடந்த தீவுகளைக் கணினியோடு வானொலி அலையால் இணைத்தார்கள். எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பி மோதிக்கொண்டால், ஒவ்வொருவரும் தோராயமாக ஒரு நேரம் பொறுத்துவிட்டுத் திரும்ப அனுப்புவார்கள். பாம்பன் பாலத்தை நம்பியிருக்கும் ஒரு தீவின் ஆட்களுக்கு அந்தத் தேவை எளிதாகப் புரியும். 1997-ல் வந்த வைஃபை தரமும் இதன் வழிவந்ததுதான், ஒரு திருத்தத்தோடு: முதலில் கேள், காற்று காலியாக இருந்தால் மட்டும் அனுப்பு. எனவே ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். அடுப்படி மூலையில் மைனஸ் 80-ல் தடுமாறும் பழைய போன் மெதுவான வேகத்துக்கு இறங்கி, அதே அளவு தகவலுக்குப் பல மடங்கு நேரம் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் பெட்டியின் அருகில் இருப்பவருக்கும் வேகம் குறையும். பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே சேனலில், அதாவது அலைவரிசையின் அதே துண்டில், இருந்தால் அதுவும் வரிசையில் சேரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருக்க, ஒவ்வொன்றும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுக்கிறது. ஆகவே 1, 6, 11 ஆகிய மூன்றுதான் ஒன்றையொன்று தொடாதவை. தங்கச்சிமடம் போல வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் தெருக்களில் இந்த மூன்றில் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது உடனே பலன் தரும். பெட்டி இருக்கும் அறைக்கு 5 கிகாஹெர்ட்ஸை வைத்துக்கொள்ளுங்கள்; கூட்டம் குறைவு, வேகம் அதிகம், ஆனால் சுவரில் சீக்கிரம் இளைத்துவிடும்.

அமைப்புகளுக்குள் போக, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பிரவுசரில் தட்டினால் போதும். நிர்வாகப் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். வைஃபையின் பாதுகாப்பு முறையாகக் குறைந்தது டபிள்யூபிஏ2, பெட்டி அனுமதித்தால் அதைவிடப் புதிய டபிள்யூபிஏ3. பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும், கைபேசி எண் வேண்டாம். நடு அறையில் இரண்டாவது ரவுட்டர் வைத்தால் அதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்ற மறக்காதீர்கள். இல்லையென்றால் இரண்டு பெட்டிகளும் வீட்டுக் கருவிகளுக்குத் தனித்தனியாக முகவரி கொடுக்க ஆரம்பித்து, முன்னறை டிவியை உள்ளறைப் போனால் கண்டுபிடிக்க முடியாமல் போகும். கேபிள் இல்லாத ரிப்பீட்டரை நான் கடைசி வழியாகத்தான் சொல்வேன். கேட்டதையே திரும்பச் சொல்ல அது அதே காற்றை எடுத்துக்கொள்வதால், ஒற்றை அலைவரிசை ரிப்பீட்டரில் வேகம் பாதியாகிவிடுகிறது.

இனி உப்பு. கடற்காற்றில் மிதந்து வரும் உப்புத்துகள் எதன்மேல் படிந்தாலும் ஈரத்தை இழுத்து மெல்லிய கடத்தும் படலம் ஆகிவிடும். அந்தப் படலத்தில் குளோரைடு செம்பையும் தகரப்பற்றையும் (சாலிடரையும்) அரிக்கிறது. ரவுட்டருக்குச் சூடு வெளியேறத் துளைகள் உண்டு, அந்த வழியாகவே உப்பும் நுழைகிறது. ஆகையால் கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைக்கவே கூடாது. துளைகளை மூடிப் பையில் போட்டு வைப்பதும் தவறு, சூட்டிலேயே கெட்டுவிடும். பெட்டியை எப்போதும் ஓடவிடுவது ஒரு வகையில் பாதுகாப்பு. லேசான சூட்டில் உள்ளே ஈரம் படியாது. மாதம் ஒருமுறை அடாப்டரைக் கழற்றி, பின்னையும் லேன் கேபிளின் முனையையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். பச்சைக் களிம்பு தெரிந்தால் முனையை வெட்டிப் புதிதாக அடிக்கச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவத்தில் இடி கேட்டால் அடாப்டரைப் பிடுங்கிவிடுவது நல்லது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் கரண்ட் கம்பி கடத்தும், வெளியிலிருந்து வரும் சில ஃபைபர் கேபிள்களில் தாங்குவதற்கென இழுத்திருக்கும் எஃகுக் கம்பியும் கடத்தும். லேன் கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த சிலவற்றில் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு மட்டுமே இருக்கும். வெட்டிய முனையில் இரண்டு உலோகமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் வேகமாகக் கரையும், இணைப்பு முதலில் விட்டு விட்டு வந்து அப்புறம் முழுவதுமாக அறுந்துவிடும். கடையிலேயே முனையைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையா சிவப்பா என்று தெரிந்துவிடும்.